அசெம்பிள் செய்த கணினி ஓடவில்லையா? எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வயர் எல்லாம் மாட்டியாயிற்று, பக்கவாட்டுக் கண்ணாடியையும் மூடியாயிற்று, ஆசையாகப் பவர் பட்டனை அமுக்கினால் ஒரு சத்தமும் இல்லை. அல்லது ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றுகிறது, மானிட்டர் மட்டும் இருட்டாகவே கிடக்கிறது. அந்த நேரத்தில் வயிற்றைக் கலக்கும். ஆனால் நான் பார்த்தவரை பாகம் பழுதாகவே வந்திருப்பது அபூர்வம், பெரும்பாலும் ஏதோ ஒன்று முழுதாக உட்கார்ந்திருக்காது, இல்லையென்றால் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

பதற்றத்தில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். கணினி உயிர்பெறுவது ஒரு வரிசையில்தான். எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) முதலில் மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் (கணினி அணைந்திருக்கும்போதும் வரும் சிறு மின்சாரம்) தரும். பட்டனை அமுக்கியதும் மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை முழுதாக எழுப்பும். பிறகு பிராசசர் விழிக்கும், ராமைச் சோதிக்கும், கிராஃபிக்ஸைத் தேடும், டிஸ்கைத் தேடும், கடைசியில்தான் விண்டோஸ். இதில் எதுவரை வந்து நின்றது என்பதைத்தான் ஒவ்வொரு அறிகுறியும் சொல்கிறது. அதற்கு முந்தைய கட்டம் வரை எல்லாம் சரி என்று ஒதுக்கிவிடலாம், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததும் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.

பெட்டி முழுவதையும் சிபியு என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இங்கே குழப்பம் வேண்டாம் என்பதற்காகப் பெட்டியைக் கேபினட் என்றும், உள்ளே சாக்கெட்டில் உட்காரும் சில்லைப் பிராசசர் என்றும் எழுதுகிறேன்.

கை வைக்கும் முன் ஒரு விஷயம். எஸ்எம்பிஎஸ் பின்பக்க சுவிட்சை அணைத்து, மின் வயரைப் பிடுங்கி, அதன்பிறகு கேபினட்டின் பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பாகங்களைத் தொடும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் வயரைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான அளவு மின்சாரத்தை வைத்திருக்கும்.

பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை

சுவரில் இருக்கும் சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் சுவிட்ச், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் சுவிட்சில் கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். சின்ன விஷயம்தான், ஆனால் இதில் தடுக்கி விழாதவர் குறைவு.

அடுத்து மதர்போர்டில் எங்காவது ஒரு சின்ன எல்இடி எரிகிறதா பாருங்கள். எல்லா போர்டிலும் அப்படி ஒன்று இருக்காது, ஆனால் இருந்து எரிந்தால் ஸ்டாண்ட்பை மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் பக்கமிருந்து பட்டன் பக்கம் நகர்கிறது. எரியவில்லை என்றால் 24 பின் கனெக்டரைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். அது கொஞ்சம் பலமாகத்தான் அழுத்த வேண்டியது, பக்கத்தில் இருக்கும் கொக்கி சாக்கெட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும், கை சொல்வதை நம்ப வேண்டாம்.

பட்டனைச் சோதிப்பது சுலபம். கேபினட் பட்டனிலிருந்து வரும் இரண்டு வயர்கள் மதர்போர்டின் கீழ் ஓரத்தில் சின்னச் சின்னப் பின்கள் இருக்கும் இடத்தில் மாட்டப்பட்டிருக்கும். மேனுவலில் படம் இருக்கும், அதைப் பார்த்து பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களைக் கண்டுபிடியுங்கள். வயரை எடுத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையால் அந்த இரண்டு பின்களையும் ஒரே நேரத்தில் ஒரு நொடி தொடுங்கள். பட்டன் உள்ளே செய்யும் வேலையே இதுதான். கணினி ஓட ஆரம்பித்தால் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் நன்றாக இருக்கின்றன, வயரைத் தவறான பின்னில் மாட்டியிருக்கிறீர்கள் அல்லது பட்டன் பழுது. அவசரத்துக்கு ரீசெட் பட்டனின் வயரைப் பவர் பின்களில் மாட்டி ஓட்டலாம், இரண்டும் ஒரே வகை பட்டன்தான். சுவிட்ச் வயர்களுக்குப் பாசிட்டிவ் நெகட்டிவ் பார்க்க வேண்டியதில்லை, எல்இடி வயர்களுக்குத்தான் பார்க்க வேண்டும்.

பின்களைத் தொட்டும் அசைவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். எல்லா பாகங்களிலிருந்தும் அதன் வயர்களைக் கழற்றிவிட்டு, ஒரு கேபினட் ஃபேனை மட்டும் அதில் மாட்டுங்கள். மின் வயர் பிடுங்கியிருக்கும்போதே 24 பின் கனெக்டரில் 16ஆம் பின்னையும் பக்கத்தில் இருக்கும் 17ஆம் பின்னையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிட்டு, பிறகு மின்சாரம் கொடுங்கள். பழைய வகை கேபிளில் 16ஆம் பின் பச்சை வயர், 17 கறுப்பு வயர். இப்போது வரும் பல கேபிள்களில் எல்லாமே கறுப்பு, அதனால் எஸ்எம்பிஎஸ்ஸுடன் வந்த படத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள், தோராயமாகச் செய்ய வேண்டாம். ஃபேனைத் தனியாக மாட்டச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: சில எஸ்எம்பிஎஸ்களின் சொந்த ஃபேன் சுமை குறைவாக இருக்கும்போது சுற்றவே சுற்றாது, அதைப் பார்த்து இறந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தச் சோதனையில் தேறினால் எஸ்எம்பிஎஸ் எழுந்திருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், முழுச் சுமையைத் தாங்குமா என்பது வேறு விஷயம்.

ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது, அல்லது அணைந்து அணைந்து எரிகிறது

பிராசசருக்கான தனி மின்கேபிளை மறந்திருந்தால் இப்படி நடக்கலாம். சில போர்டுகளில் ஃபேன் சுற்றும், திரை மட்டும் வராது. மதர்போர்டின் மேல் இடது மூலையில் 8 பின் சாக்கெட் ஒன்று இருக்கும், கேபினட்டுக்குள் போர்டை வைத்த பிறகு அங்கே கை நுழைவதே கஷ்டம், அதனால்தான் பலரும் அப்புறம் மாட்டலாம் என்று விட்டு மறந்துவிடுகிறார்கள். இன்னொரு குழப்பம், கிராஃபிக்ஸ் கார்டுக்கான கேபிளும் 8 பின்தான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வயர் வரிசை தலைகீழ். பிராசசர் கேபிள் நடுவில் 4+4 ஆகப் பிரியும், கிராஃபிக்ஸ் கேபிள் 6+2 ஆகப் பிரியும், இதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். சேரவில்லை என்றால் பலம் கொடுத்துச் சொருக வேண்டாம்.

கேபிள் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஷார்ட். போர்டுக்கும் கேபினட் தகட்டுக்கும் நடுவே பித்தளை நிறத்தில் குட்டிக் குட்டித் தாங்கிகள் இருக்கும், ஸ்டாண்டாஃப் என்பார்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி இருந்தால் அது போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். பெரிய கேபினட்டில் சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை வைக்கும்போது இது நடக்க நிறையவே வாய்ப்பு உண்டு, ஏனென்றால் முழு ஏடிஎக்ஸ் அளவுக்கான தாங்கிகள் முன்பே பொருத்தி வந்திருக்கும். கீழே விழுந்து போர்டின் அடியில் மாட்டிக்கொண்ட ஒரு ஸ்க்ரூவும் இதையே செய்யும்.

இதை உறுதிசெய்ய ஒரே வழி போர்டை வெளியே எடுப்பது. அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ்ஸின் இரண்டு கேபிள்கள், இவ்வளவு மட்டும் மாட்டி, ஸ்க்ரூ டிரைவரால் பின்களைத் தொட்டு ஓட்டுங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் குற்றவாளி கேபினட் பக்கம்தான். அடுத்த முறை அசெம்பிள் செய்யும்போது இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிட்டுக் கேபினட்டுக்குள் வையுங்கள், பதினைந்து நிமிடம் கூடுதலாக ஆகும், ஆனால் பாதி நாள் மிச்சமாகும்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், முதல் முறை ஓட்டும்போதும், பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும், போர்டின் சொந்த மென்பொருள்) ராம் வேகத்தை மாற்றிய பிறகும், கணினி தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எரிவது இயல்பு. ராமுக்கான அளவுகளைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

இதுதான் பெரிய அத்தியாயம். கட்டம் கட்டமாகப் போவோம்.

முதலில் மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும், கொஞ்சம் கீழே படுக்கை வாட்டில் இருக்கும் துளைகளில். மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் மாட்டினால் பெரும்பாலும் படம் வராது. மறுபக்கம், தனிக் கார்டே இல்லை என்றால் பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் இருக்கிறதா என்று பெயரைப் பாருங்கள். இன்டெல்லில் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி ரைசனில் 5000 வரிசை வரைக்கும் பெயரின் கடைசி எழுத்துகளில் ஜி உள்ள மாடல்களில்தான் இருக்கும். 7000 வரிசையிலிருந்து டெஸ்க்டாப் பிராசசர்களில் சின்னதாக ஒன்று உள்ளேயே வருகிறது, அங்கேயும் எஃப் என்று முடிந்தால் கிடையாது. இல்லாத கிராஃபிக்ஸைத் தேடி இரவெல்லாம் கண்விழித்தவர்கள் இருக்கிறார்கள், இரண்டு நிமிடம் செலவழித்துப் பாருங்கள். மானிட்டரின் இன்புட் சரியான துளைக்கு மாற்றியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இது சரி என்றால் மதர்போர்டின் வலது ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றனவா பாருங்கள். பக்கத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று அச்சடித்திருக்கும். கணினி எழும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். மேலே சொன்ன வரிசையையே போர்டு உங்களுக்கு விளக்கு போட்டுக் காட்டுகிறது. சில போர்டில் விளக்குக்குப் பதில் இரண்டு இலக்க எண் வரும், அர்த்தம் மேனுவலில் இருக்கும். இரண்டும் இல்லை என்றால் சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டிச் சத்தத்தை எண்ணலாம்.

டிராம் விளக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிடிஆர்5 ராம் என்றால் முதலில் சும்மா காத்திருங்கள். முதல் முறை ஓடும்போது ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ள அது பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், திரை முழு நேரமும் கறுப்பாகவே இருக்கும். இரண்டு நிமிடத்தில் பொறுமை இழந்து பவரை அணைத்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள், ராம் அதிகமாகப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம்.

அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் ராமைக் கழற்றி மாட்டுங்கள். இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு, அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஸ்லாட்டின் இரண்டு முனையிலும் பூட்டு இருக்கும் போர்டும் உண்டு, ஒரு முனையில் மட்டும் இருப்பதும் உண்டு. ஒரு பக்கப் பூட்டு என்றால், பூட்டு இல்லாத முனை டக்கென்று சத்தம் தராது, அங்கேதான் ராம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த முனையை முதலில் முழுதாக இறக்கிவிட்டு, பிறகு பூட்டுப் பக்கம் கட்டைவிரலால் அழுத்துங்கள், டக்கென்று பூட்டு தானாக மூட வேண்டும், நீங்கள் கையால் மூடக் கூடாது. மாட்டிய பிறகு பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அடியில் இருக்கும் தங்க நிறப் பட்டை ஒரு முனையில் மெல்லிசாகத் தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை. போர்டு வளைவது போலத் தோன்றும் அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும், பயப்பட வேண்டாம், ஆனால் ராமில் இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் நேராக இருப்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலுமே 288 பின்கள்தான், வெட்டு மட்டும் வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் உட்காராது.

எந்த ஸ்லாட் என்பதும் முக்கியம். நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில் இரண்டு ராம் என்றால், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். மேனுவலில் ஏ2, பி2 என்று போட்டிருக்கும். ஒன்றாவது இரண்டாவது ஸ்லாட்டில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் ஓடினாலும் வேகம் பாதிதான் கிடைக்கும். சோதிப்பதற்கு ஒரே ஒரு ராமை ஏ2வில் மட்டும் மாட்டிப் பாருங்கள், பிறகு அதே இடத்தில் இன்னொன்றை. ஒன்றில் ஓடி இன்னொன்றில் ஓடவில்லை என்றால் ராம் பழுது. இரண்டுமே ஏ2வில் ஓடி, பி2வில் எதுவும் ஓடவில்லை என்றால் ஸ்லாட்டையோ பிராசசர் சாக்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். ராம் சானல்கள் (ராமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதைகள்) பிராசசரிலிருந்தே நேராக வருவதால் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தால்கூட ஒரு சானல் மொத்தமும் போய்விடும். கூலரை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறுக்கியிருந்தாலும் இதே மாதிரி நடப்பதுண்டு, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

சிபியு விளக்கு நிற்கிறதா? முதலில் அந்த 8 பின் கேபிள், மேலே சொன்னதுதான். இரண்டாவது பயாஸ் பதிப்பு. போர்டு வெளிவந்த பிறகு வந்த பிராசசரைப் பழைய பயாஸுக்கு அடையாளம் தெரியாது. பி660 போர்டில் 13ஆம் தலைமுறை இன்டெல், பி450 போர்டில் ரைசன் 5000, பி650 போர்டில் ரைசன் 9000, இவையெல்லாம் பொருந்தும் ஜோடிகள்தான், ஆனால் பயாஸைப் புதுப்பித்திருக்க வேண்டும். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் பிராசசர் ஆதரவுப் பட்டியலில் எந்தப் பதிப்பிலிருந்து என்று போட்டிருக்கும். உங்கள் போர்டில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசசரே இல்லாமல் புதுப்பிக்கலாம். பென்டிரைவை ஃபேட்32இல் ஃபார்மட் செய்து, பயாஸ் கோப்பின் பெயரை மேனுவல் சொல்கிற மாதிரியே மாற்றிப் போட்டு, அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் சொருகி, எஸ்எம்பிஎஸ் கேபிள்களை மாட்டி மின்சாரம் கொடுத்து, பட்டனைச் சில நொடிகள் அமுக்க வேண்டும். விளக்கு மினுக்கும். நின்று அணையும்வரை தொடவே கூடாது.

மூன்றாவது, பின்கள். பிராசசரைத் தூக்கிச் சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெல் எல்ஜிஏ1700இல் 1700 பின்கள், ஏஎம்டி ஏஎம்5இல் 1718, எல்லாம் போர்டில்தான் இருக்கும். அறை விளக்கில் ஒன்றும் தெரியாது. மொபைல் டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் பிடித்து, போர்டை மெதுவாகத் திருப்பிக்கொண்டே பாருங்கள். படிய வாரிய தலைமுடி மாதிரி எல்லாப் பின்களும் ஒரே சாய்வில் ஒரே மாதிரி மினுங்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும் மினுக்கம் தவறினால் அங்கே ஒரு பின் வளைந்திருக்கிறது. மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்துவைத்தால் ஒப்பிட வசதி. நிமிர்த்துவதற்கு மெல்லிய ஊசிமுனையும் பூதக்கண்ணாடியும் நடுங்காத கையும் வேண்டும், வாரன்டி இருந்தால் நீங்கள் தொட வேண்டாம் என்பது என் கருத்து. ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். அதில் கூலரைத் தூக்கும்போது தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும், அதனால் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக லேசாகத் திருகி விடுவித்த பிறகே தூக்குங்கள்.

விஜிஏ விளக்கு என்றால் கார்டின் மின்கேபிள் மாட்டியிருக்கிறதா, கார்டு ஸ்லாட்டில் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கேபினட்டின் பின்தகடு வளைந்திருந்தால் கார்டு ஒரு முனையில் தூக்கி நிற்கும். பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டை முழுதாக எடுத்துவிட்டு, போர்டு எச்டிஎம்ஐயில் மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

எதிலும் பிடிபடவில்லை என்றால் பயாஸ் அமைப்புகளை அழித்துவிடுங்கள். மின் வயரைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டலாம், அல்லது பயாஸ் அமைப்புகளை அழிப்பதற்கென்று மேனுவலில் காட்டிய இரண்டு சிமாஸ் பின்களைச் சில நொடிகள் இணைக்கலாம். ராம் வேகத்தை ஏற்றிய பிறகு எழாமல் போன கணினிக்கு இதுதான் முதல் மருந்து.

பயாஸ் வருகிறது, டிஸ்கைக் காணோம்

எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகச் சொருகும் பட்டை வடிவ டிஸ்க்) என்றால் அது என்விஎம்இயா சாட்டாவா என்று பாருங்கள், உருவம் ஒன்றாக இருந்தாலும் பேசும் மொழி வேறு. சாட்டா வகையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு, என்விஎம்இயில் ஒன்று. இப்போது வரும் பல போர்டு ஸ்லாட்டுகள் என்விஎம்இ மட்டுமே ஏற்கும். சாய்வாகச் சொருகி, பிறகு கீழே அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும், நேராகத் திணித்தால் முழுதாகப் போகாது. சாட்டா ஹார்ட் டிஸ்க் என்றால், சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் தானாக அணைந்துவிடும், மேனுவலில் ஒரு சின்ன அட்டவணையில் போட்டிருப்பார்கள், துளையை மாற்றினால் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) கேபிள்களை வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள். பாகத்தின் பக்கம் இருக்கும் கனெக்டர்தான் எல்லோருக்கும் பொது, எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு, ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். ஆனால் அழகாக உட்காரும். நான் எஸ்எம்பிஎஸ் மாற்றியபோது பழைய சாட்டா கேபிள் கேபினட்டுக்குள் நன்றாகக் கட்டி ஓடவிட்டிருந்ததால் அதையே புதியதில் சொருகிவிட்டேன். பட்டனை அமுக்கியதும் லேசான ஒரு கருகல் வாசம், அவ்வளவுதான், 5 வோல்ட் வர வேண்டிய பின்னில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அதில் நான்கு வருடப் படங்கள் இருந்தன. எஸ்எம்பிஎஸ் மாற்றினால் கேபிளையும் சேர்த்து மாற்றுங்கள், கட்டியிருப்பதை அவிழ்க்கச் சோம்பல் வேண்டாம்.

விண்டோஸ் நிறுவும்போது சிக்குகிறது

டிஸ்க் பயாஸில் தெரிகிறது, நிறுவும் திரையில் மட்டும் பட்டியல் காலியாக இருக்கிறது என்றால், 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் இன்டெல்லில் விஎம்டி என்ற, டிஸ்குகளை நிர்வகிக்கும் அமைப்பு காரணமாக இருக்கலாம். ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாக இணைப்பது) எதுவும் போடவில்லை என்றால் பயாஸில் அதை அணைத்துவிடலாம், அல்லது இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் போட்டு அங்கேயே ஏற்றலாம். விண்டோஸ் ஏற்கெனவே நிறுவி ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இதை மாற்றாதீர்கள், எழாது.

விண்டோஸ் 11 தகுதியில்லை என்று சொன்னால் பெரும்பாலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கும். பயாஸில் ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம், இன்டெலுக்குப் பிடிடி என்ற பெயரில் இருக்கும், இயக்குங்கள். சிஎஸ்எம் என்ற பழைய முறையை அணைத்து, புதிய யுஇஎஃப்ஐ முறையிலேயே நிறுவுங்கள். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது என்று திட்டினால் அதிலிருக்கும் பழைய பிரிவுகளை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டும், தேவையான கோப்புகளை முன்பே எடுத்துவைத்துவிட்டு.

நிறுவி முடிக்கும் நேரத்தில் நெட் இல்லை என்று நிற்கும், ஏனென்றால் புதிய போர்டின் வைஃபை டிரைவர் விண்டோஸிடம் இருக்காது. மொபைலை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் உடனே வேலை செய்யும். நிறுவிய பிறகு இரண்டாவதாகப் போட்ட புது டிஸ்க் தெரியவில்லை என்றால் அது பழுதில்லை, டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் ஜிபிடி (புதிய பிரிப்பு முறை) என்று தேர்ந்தெடுத்து ஃபார்மட் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கொதிக்கிறது, கொஞ்ச நேரத்தில் அணைகிறது

பயாஸில் சும்மா நிற்கும்போதே பிராசசர் சூடு 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கூலர் பிராசசரைத் தொடவில்லை. கூலரின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் படலத்தை உரித்தீர்களா? அதுதான் முதல் கேள்வி. பிறகு ஸ்க்ரூக்கள், பிறகு பேஸ்ட். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு நடுவில் வைத்தால் போதும், கூலர் அழுத்தும்போது அது பரவிக்கொள்ளும். லிக்விட் கூலர் என்றால் பம்ப் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள், வேகம் குறையாத ஹெடரில் (போர்டில் ஃபேன், பம்ப் கேபிள் மாட்டும் பின்கள்) இருக்க வேண்டும். ரேடியேட்டரின் மேல்பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி வையுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் காற்று பம்பில் வந்து சேரும்.

முழு வேலையின்போது மட்டும் சூடு ஏறினால் உடனே கவலைப்பட வேண்டாம். ரைசன் 7000 வரிசையின் பல மாடல்கள் 95 டிகிரி செல்சியஸ் வரை போய் அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. இன்டெல்லின் பெரும்பாலான டெஸ்க்டாப் மாடல்களுக்கு வரம்பு 100.

கேம் போட்டதும் அணைகிறது, நீலத்திரை வருகிறது

இரண்டும் வேறு வேறு. கரண்ட் போன மாதிரி சட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ் பக்கம் பாருங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருக்கும், பலரும் அதையே காரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்ற தகவல் மட்டும்தான். ஒரு 8 பின் கிராஃபிக்ஸ் கேபிளுக்கான வரையறை 150 வாட், ஸ்லாட் 75 வாட் தரும். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு தலைகளை மாட்டாமல் தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். புதிய கார்டுகளின் 16 பின் கனெக்டர் 600 வாட் வரை தாங்கும், ஆனால் முழுதாக உட்காரவில்லை என்றால் உருகும், 2022 கடைசியில் அப்படி உருகிய படங்கள் நிறைய வந்தன. இடைவெளி துளியும் இல்லாமல் சொருகி, கனெக்டரை ஒட்டியே வயரை மடக்காமல் விடுங்கள்.

நீலத்திரை, கேம் தானாக மூடிக்கொள்வது, கோப்பு கெட்டுப்போவது, இவை வந்தால் முதலில் ராம். பயாஸில் ராம் வேகத்தை ஏற்றும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் வேகத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடலாம், அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் சரி என்று விடக் கூடாது. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்கள் பயாஸைக் கட்டாயம் புதுப்பியுங்கள். தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் அவற்றில் சில நிலைகுலைகின்றன என்று 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு (பிராசசரின் உள்மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது. திருத்தம் இனிமேல் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது, அப்படியானால் வாரன்டியில் மாற்றிக்கொள்வதுதான் வழி.

எல்லாம் ஓடுகிறது, வேகம் மட்டும் இல்லை

டாஸ்க் மேனேஜரில் ராம் வேகத்தைப் பாருங்கள். 6000 என்று எழுதியிருந்த டிடிஆர்5 அங்கே 4800 என்று காட்டினால் எக்ஸ்போவோ எக்ஸ்எம்பியோ இயக்கப்படவில்லை, பெட்டியில் எழுதிய வேகம் தானாக வராது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய்ப் பாருங்கள், 60இல் நின்றுகொண்டிருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு பிராசசருக்கு அருகில் இருக்கும் மேல் ஸ்லாட்டில் இருக்கட்டும், கீழ் ஸ்லாட்டுகளில் அகலம் குறைவு.

முன்பக்க யுஎஸ்பி வேலை செய்யவில்லை என்றால் அந்தத் தடித்த நீலக் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள், கோணலாகச் சொருகினால் சட்டென்று வளைந்துவிடும். கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் தேதி மாறிப்போகிறது என்றால் அந்த சிஆர்2032 பேட்டரிதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பாகத்தில் வந்து நின்றால் மாற்றத்தான் வேண்டும். மதர்போர்டைத் திருப்பி அனுப்பும் முன் சாக்கெட்டைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிராசசர் மாட்டியபோது கழன்று வந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தேடிப் பிடித்து மறுபடி மாட்டி அனுப்புங்கள், அது இல்லாமல் வந்த போர்டைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள்.